சத்தம் நீக்கிய படம்

படம் காட்ட வருகிறவர்களுக்கு மத்தியானச் சாப்பாடு நாகபூசணியின் தலையில்தான் விழுந்தது. அவளைக் கேட்டுக்கொண்டு விழவில்லை. கொழும்பிலிருந்து வதனி தன் தமையனுக்குத் தொலைபேசி எடுத்தாள், தமையன் ஓமென்று சொன்னான், அதோடு முடிந்தது. சனிக்கிழமை காலைப் படகில் வதனியும் இன்னும் நாலு பேரும் பெட்டிகளோடு நயினாதீவில் வந்து இறங்கியபோது, நாகபூசணி குசினியில் இரண்டாவது தேங்காயைத் துருவிக்கொண்டிருந்தாள்.

வதனியின் முழுப்பெயர் பிரியவதனி. நாகபூசணியின் கணவன் நிசாந்தனுக்கு ஒரே தங்கை. கொழும்பில் ஓவியம் படிப்பிக்கிறாள், மிச்ச நேரத்தில் படம் எடுக்கிறாள். தியேட்டரில் ஓடுகிற படமல்ல. கதை இல்லை, பாட்டு இல்லை, சிலதில் ஆளே இல்லை. வெளிநாட்டில் அப்படிப்பட்ட படங்களைச் சித்திரம் மாட்டுவதுபோலச் சுவரில் ஓடவிடுவார்களாம், சனம் நின்று பார்த்துவிட்டுப் போகுமாம். இந்த முறை தன்னுடையதையும் தன் சிநேகிதர்கள் எடுத்ததையும் சேர்த்துத் தீவுப்பகுதிக்கே கொண்டுவந்து காட்டுவதென்று வெளிக்கிட்டிருந்தாள். ஊர்காவற்றுறையிலும் அனலைதீவிலும் காட்டியாயிற்று. இன்றைக்கு நயினாதீவு, நாளைக்கு நெடுந்தீவு.

“ஐயாவின்ரை படமும் ஒண்டிருக்கு மச்சாள்,” என்றாள் வதனி, குசினி வாசலில் நின்று. “நீங்கள் கட்டாயம் வரவேணும்.”

“ஏனங்களைக் கழுவிப்போட்டு வாறன்.”

“அதைப் பிறகு கழுவலாம்.”

பிறகு யார் கழுவுவது என்று நாகபூசணி கேட்கவில்லை. கேட்கிறதற்கும் ஒரு தெம்பு வேண்டும். மாமனார் படுக்கையில் விழுந்த நாளிலிருந்து அவளுடைய உடம்பில் ஏறிய களைப்பு, அவர் செத்து ஒரு வருசத் திவசம் முடிந்த பிறகும் இறங்காமல் இருந்தது. நல்லாய்ச் சாப்பிட்டுப் பார்த்தாள், வேலணை ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதித்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை என்றார்கள். விடிய எழும்பும்போதே, ஏதோ பெரிய வேலையை முடித்துவிட்டு வந்தவள் மாதிரி இருந்தது.

சனசமூக நிலையத்து மண்டபத்தில் யன்னல்களையெல்லாம் கறுத்தப் பொலித்தீனால் மூடி ஒட்டியிருந்தார்கள். கடைசிப் படகுக்கு வதனியோடு வந்தவர்கள் திரும்பவேண்டும், அதனால் பகலிலேயே இருட்டு உண்டாக்க வேண்டியிருந்தது. மின்விசிறியைப் போட்டால் திரை ஆடியது. அதையும் நிற்பாட்டிவிட்டார்கள். நாகபூசணி உள்ளே போனபோது வெக்கை முகத்தில் அடித்தது. சனம் பரவாயில்லை, வந்திருந்தது. நிசாந்தன் இரண்டாம் வரிசையில் அவளுக்கு ஒரு கதிரை பிடித்து வைத்திருந்தான். மற்றப் பக்கத்தில் சறோஜினிதேவி ரீச்சர். பென்சன் எடுத்த பிறகு நிலையத்தின் செயலாளராக இருப்பவர். மண்டபப் பூட்டின் திறப்பு அவரிடம்தான் இருக்கும்.

முதல் படத்தில் ஒரு பெண் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாள். அடித்து முடிக்கும்போது மழை பெய்து சுண்ணாம்பைக் கழுவியது. அவள் திரும்பவும் அடித்தாள். திரும்பவும் மழை. பின்னாலிருந்து யாரோ, “வெள்ளனவே மழை வருமோ எண்டு பார்த்திருக்கலாம்,” என்று சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். நாகபூசணிக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பெண்ணின் முழங்கை நோகும் என்றுதான் நினைத்தாள்.

இரண்டாவது படத்தில் ஒன்றுமே இல்லை. நிறங்களும் கீறல்களும் ஓடின, தகரத்தை இழுக்கிறமாதிரி ஒரு சத்தம். சின்னப் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு கத்தின. “இதிலை கதை எப்ப தொடங்கும்?” என்று ஒருவர் உரத்துக் கேட்டார். கொஞ்சப் பேர் எழும்பிப் போனார்கள். வதனி திரைக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அனலைதீவிலும் இப்படித்தான் நடந்திருக்கும் என்பது அவள் நின்ற விதத்திலேயே தெரிந்தது.

பிறகு “பகல்” என்று ஒரு சொல் திரையில் வந்தது. அதன் கீழே வதனியின் பெயர்.

ஓர் அறை. கட்டில். யன்னலால் விழுகிற வெயில். கட்டிலில் மூன்று தலையணை அடுக்கிச் சாய்ந்து மாமனார் சரவணமுத்தர் இருந்தார். கட்டிலோடு ஒட்டிப் போட்ட பிளாஸ்ரிக் கதிரையில், தலை ஒரு பக்கம் தொங்க, வாய் பிளந்தபடி, மடியில் கஞ்சிக் கோப்பையோடு ஒரு பெண் நித்திரையாய்க் கிடந்தாள். தலைமயிர் அவிழ்ந்திருந்தது. தோய்த்துத் தோய்த்து நிறம் போன நைற்றி. தோள்மூட்டுத் தையல் விட்டிருந்தது.

அது தான் என்று விளங்க நாகபூசணிக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியதும் சேலைத் தலைப்பை இழுத்துத் தோளைப் போர்த்தினாள். மண்டபத்தில் இருக்கிற தோளை.

வதனி ஒரு மாத லீவில் வந்து நின்றபோது எடுத்தது இது. அறை மூலையில் மூன்று காலில் கமராவை நிறுத்தி ஓடவிட்டுவிட்டு, அவள் குளிக்கவோ கடற்கரைக்கோ போய்விடுவாள். முதல் இரண்டு நாள் நாகபூசணி கமராவைப் பார்த்துப் பார்த்து நடந்தாள். பிறகு அது அங்கே நிற்பதே மறந்துபோனது. மலச்சட்டி எடுக்கிறவளுக்குக் கமரா எங்கே ஞாபகம் இருக்கும்?

படத்தில் சத்தமே இல்லை. முந்திய படத்தின் தகர இரைச்சலுக்குப் பிறகு மண்டபம் ஒரேயடியாய் அமைதியாகிவிட்டது. பிள்ளைகள்கூட வாய் மூடிப் பார்த்தன. எல்லோருக்கும் தெரிந்த மனிதர். தெற்கே காலி நகரத்தில் பெரிய பலசரக்குக் கடை வைத்திருந்தவர். இனக்கலவரத்தோடு அதை விட்டுவிட்டு ஊருக்கு வந்த பிறகும் வெள்ளை வேட்டி கசங்காமல் நடந்தவர். கடைசியில் பாரிசவாதம் வந்து இடப்பக்கம் விழுந்துவிட்டது. வாய் மட்டும் விழவில்லை.

திரையில் அந்த வாய் அசைந்துகொண்டிருந்தது. நித்திரையாய்க் கிடந்தவளைப் பார்த்துக்கொண்டே அசைந்தது.

“தேவாரம் சொல்லுறார் போல,” என்று சறோஜினிதேவி ரீச்சர் மெல்லச் சொன்னார்.

நாகபூசணி திரையைப் பார்த்தாள். முதலில் உதடு குவிந்து முன்னுக்கு வந்தது, பிறகு மேற்பல்லில் கீழுதடு பட்டது. மூதேவி. அந்தச் சொல்லுக்கு அவர் வாய் போகிற போக்கு அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. பிறகு, பிச்சைக்காரப் பரம்பரை. பிறகு அவளுடைய தாயைப் பற்றி ஒன்று. அதை அவள் புருசனிடம்கூட வாய்விட்டுச் சொன்னதில்லை. கஞ்சி பருக்கும்போது சொல்லுவார், துடைக்கும்போது சொல்லுவார், புரட்டிப் படுக்கவைக்கும்போது சொல்லுவார். தான் நித்திரையாய்க் கிடந்தபோதும் விடவில்லை என்பது இன்றைக்குத்தான் தெரிந்தது.

அவருடைய வலக்கை எழும்பி, அவள் பக்கமாகக் கட்டில் விளிம்புக்கு நீண்டு, இரண்டு மூன்று தரம் ஏறி இறங்கியது. “ஆசீர்வதிக்கிறார்,” என்றது பின்னாலிருந்து ஒரு பெண்குரல்.

வெயில் சுவரில் மெல்ல நகர்ந்தது. ஒரு ஈ அவளுடைய முழங்கையில் இருந்து, பறந்து, திரும்ப வந்து இருந்தது. அவள் அசையவில்லை. நெடுநேரம் கழித்து அவர் வாய் ஓய்ந்தது. வாசல் பக்கம் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்து, முகம் கனிந்து, ஏதோ சின்னதாய்ச் சொன்னார். அது என்னவென்று நாகபூசணியால் பிடிக்க முடியவில்லை. திரை இருண்டது.

கைதட்டினார்கள். உண்மையாகவே தட்டினார்கள். ரீச்சர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு நாகபூசணியின் கையைப் பிடித்தார். “மாமனும் மருமகளும் எண்டால் இப்பிடியெல்லோ இருக்கவேணும். அந்த மனுசன் உம்மை எப்பிடிப் பார்க்கிறார்! நீர் குடுத்து வைச்சனீர் பிள்ளை.”

மற்றப் பக்கத்தில் நிசாந்தன் அழுதுகொண்டிருந்தான். தகப்பன் செத்த வீட்டில் அவன் அழவில்லை. வந்தவர்களுக்குக் கதிரை போட்டுக்கொண்டு திரிந்தான். இப்போது சனத்துக்கு முன்னால் தோள் குலுங்கியது. அவள் அவனுடைய முதுகில் கையை வைத்தாள். வைக்காமல் விட்டால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று வைத்தாள்.

வந்தவர்கள் கடைசிப் படகில் போனார்கள். வதனி மட்டும் தங்கினாள். காலையில் குறிகட்டுவான் துறைக்குப் போய் நெடுந்தீவுப் படகில் அவர்களோடு சேர்ந்துகொள்வதாக ஏற்பாடு. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நிசாந்தன் கதைத்துக்கொண்டே வந்தான். படலையைத் திறக்கும்போது சொன்னான்:

“ஐயா உம்மைப் பார்த்த பார்வையைப் பார்த்தனீரோ? நீர் தானே அவர் ஏசுறவர் எண்டு நிண்டனீர்.”

அவன் அதைக் குத்திச் சொல்லவில்லை. ஒரு பழைய மனத்தாங்கல் தீர்ந்துபோன சந்தோசத்தில், தோழமையோடு சொன்னான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

இரண்டு தரம் அவனிடம் சொல்லிப் பார்த்திருக்கிறாள். நிசாந்தனுக்கு வேலணைப் பிரதேச செயலகத்தில் எழுதுவினைஞர் வேலை. காலைப் படகில் போனால் பின்னேரப் படகில்தான் வருவான். வந்து தகப்பனுக்குப் பக்கத்தில் இருந்தால், “வா அப்பன், களைச்சுப்போனாய்,” என்பார் அவர். கந்தோர் வேலையைப் பற்றிக் கேட்பார். அந்த மனிதர் பகலில் இப்படி ஏசுகிறார் என்று முதல்தரம் அவள் சொன்னபோது அவன், “ஐயா அப்பிடியான ஆளில்லை. உமக்குக் களைப்பிலை அப்பிடிக் கேக்குது,” என்றான். இரண்டாம்தரம் சொன்னபோது எழும்பிப் போய்விட்டான். மூன்றாம்தரம் அவள் சொல்லவில்லை. சில நாட்களில் அவளுக்கே ஐமிச்சம் வந்தது, ஒருவேளை களைப்பில்தான் கேட்கிறதோ என்று.

பொழுதுபட்டு விளக்குப் போடுகிற நேரம், குசினியில் ஏனங்கள் குவிந்து கிடந்தன. வதனி வந்து ஒரு துணியை எடுத்துத் துடைக்கத் தொடங்கினாள்.

“உங்களுக்கு என்னிலை கோவமோ மச்சாள்? நைற்றியோடை காட்டிப்போட்டன் எண்டு?”

“கேட்டிருக்கலாம்.”

“ஓம். கேட்டிருக்கவேணும். கேட்டால் மாட்டன் எண்டுவியள் எண்ட பயம். அது ஒரே மூச்சிலை எடுத்த படம், அதிலை ஒரு துண்டும் வெட்ட ஏலாது.”

நாகபூசணி சட்டியை உரஞ்சுவதை நிறுத்தவில்லை. “சத்தத்தை வெட்டினனீர்தானே?”

வதனியின் கை நின்றது.

“சத்தம் பதிஞ்சதோ, இல்லையோ?”

“பதிஞ்சது.”

“கேட்டனீரோ?”

“கேட்டனான்.” வதனி துணியை மடித்தாள், திரும்ப விரித்தாள். “கொழும்பிலை அறையைப் பூட்டிப்போட்டு இருந்து கேட்டனான். முழுக்கக் கேட்டு முடிக்க எனக்கு ஒரு கிழமை எடுத்தது.”

“பிறகும் ஒரு கோல் எடுத்து என்னோடை கதைக்கேல்லை.”

“என்னெண்டு கதைக்கிறது மச்சாள்? அவர் என்ரை ஐயா. பார்க்க அவ்வளவு வடிவாய் இருந்தது அந்தக் காட்சி. நீங்கள் நித்திரை, அவர் முழிப்பு, அந்த வெயில். சத்தம் இல்லாமல் அது வேறை ஒண்டாய் வந்திட்டுது. அதையும் பொய் எண்டு சொல்ல எனக்கு மனம் வரேல்லை. உங்களுக்கும் வெக்கமாயிருக்கும் எண்டு நினைச்சன்.”

“நான் ஏன் வெக்கப்பட?”

வதனி துடைத்த கோப்பையைத் தட்டில் அடுக்கினாள். “அது அவரின்ரை வாய் இல்லை மச்சாள். வருத்தம் கதைச்சது. டொக்டரும் அப்பிடித்தான் சொன்னவர், மூளையிலை அடிச்சால் ஆக்கள் மாறுவினமெண்டு,” என்றாள்.

“இருக்கும். பின்னேரம் உம்மடை அண்ணை வந்து பக்கத்திலை இருக்கேக்கை அந்த வருத்தம் எங்கை போறது?”

சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அவள் கையைத் துடைத்தாள். “அந்தச் சத்தம் இப்ப உம்மட்டை இருக்கோ?”

“லப்டொப்பிலை இருக்கு.”

“நாளைக்குக் காலமை நீர் போக முந்தி கொண்ணைக்குப் போட்டுக் காட்டும். வேறை ஒருத்தருக்கும் வேண்டாம்.”

“இண்டைக்கு அண்ணை அழுததைப் பார்த்தனீங்கள்தானே?”

“பார்த்தனான். அதாலைதான் சொல்லுறன்.”

காலையில் சாப்பாட்டு மேசையில் வதனி மடிக்கணினியைத் திறந்து வைத்தாள். நிசாந்தன் தேத்தண்ணியோடு வந்து ஆசையாய் இருந்தான். தகப்பனின் குரலும் இருக்கிறது என்று தங்கை சொன்னதும், “அதை நேற்றே போட்டிருக்கலாமே,” என்றான். நாகபூசணி அவனுக்கு எதிரே இருந்தாள். வீட்டு வேலை நடக்கிற நேரத்தில் அவள் அந்த மேசையில் கதிரை இழுத்து இருந்து கனகாலம்.

முதலில் மின்விசிறியின் சத்தம். காகம். தூரத்தில் படகு இயந்திரம். அவள் குறட்டை விடுகிற சத்தமும் கேட்டது. நிசாந்தன் அதற்குச் சிரித்தான். பிறகு தகப்பனின் குரல் வந்தது. அந்தக் குரலைக் கேட்டதும் அவன் முகம் மலர்ந்தது. சொற்களை விளங்கிக்கொள்ள முந்தியே மலர்ந்துவிட்டது. அதனால் சொற்கள் விளங்கிய பிறகும் அந்தச் சிரிப்புக் கொஞ்ச நேரம் முகத்தில் அப்படியே நின்றது.

மூதேவி. எழும்படி. தின்னவும் படுக்கவுமோ உன்னைக் கட்டிக்கொண்டு வந்தது. பிச்சைக்காரப் பரம்பரை.

நிசாந்தன் தேத்தண்ணியை வைத்தான். கையை நீட்டிச் சத்தத்தைக் குறைத்தான். பக்கத்து வீடு கிட்ட இருந்தது. பிறகு அவளுடைய தாயைப் பற்றிய அந்தச் சொல் வந்தது. அவன் கண்ணை மூடினான்.

“காணும் வதனி. நிப்பாட்டு.”

வதனி நாகபூசணியைப் பார்த்தாள்.

“முழுக்கக் கேளுங்கோ,” என்றாள் நாகபூசணி.

கேட்டான். மூன்று பேரும் கேட்டார்கள். ஏச்சு நின்று நின்று வந்தது, களைத்துப் போய், திரும்பவும் பெலன் எடுத்து. கை அசைகிற இடத்தில் கட்டில் சட்டத்தில் அவர் அடிக்கிற சத்தம் டொக் டொக்கென்று கேட்டது. ஊர் ஆசீர்வாதம் என்று கண்ட இடம். அப்படியும் கதிரையில் கிடந்தவள் எழும்பவில்லை.

பிறகு படலை கிறீச்சென்றது. ஏச்சு நின்றது. வெளியிலிருந்து ஒரு குரல், “ஐயா,” என்று கூப்பிட்டது. நிசாந்தனின் குரல்தான். கட்டிலில் இருந்தவர் வேறொரு குரலில், கனிவான குரலில் சொன்னார்: “சத்தம் போடாதை அப்பன். பிள்ளை களைச்சுப்போச்சு, படுக்கட்டும்.”

அதோடு படம் முடிந்தது.

நிசாந்தன் இருண்ட திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். “அந்த நாள் எனக்கு ஞாபகம் இருக்கு,” என்றான். “கந்தோரிலை அரைநாள் லீவு. பிள்ளை படுக்கட்டும் எண்டு ஐயா சொன்னதை நான் எத்தினை பேருக்குச் சொல்லியிருப்பன்.” அதற்குப் பிறகு எழும்பிக் கிணற்றடிப் பக்கம் போனான்.

வதனி மடிக்கணினியை மூடிப் பையில் வைத்தாள். அவளுடைய முகம் வீங்கியிருந்தது. இரவு நித்திரை கொண்டிருக்கமாட்டாள். படலை வரைக்கும் நாகபூசணி கூடப் போனாள்.

“நெடுந்தீவிலை இதைப் போடவோ, விடவோ? நீங்கள் சொல்லுங்கோ மச்சாள். சத்தத்தோடை போடச் சொன்னாலும் போடுவன்.”

நாகபூசணி யோசித்தாள். சத்தத்தோடு போட்டால் கதை அடுத்த படகில் இங்கே வந்து சேரும். ரீச்சர் வருவார். உறவு முறையெல்லாம் வரும். கதிரை போட்டுத் தேத்தண்ணி ஊற்றி, ஓம், உண்மைதான், இல்லை, பரவாயில்லை என்று ஒவ்வொருவருக்கும் சொல்லவேண்டும். நினைக்கவே கால் உளைந்தது.

“சத்தம் வேண்டாம். ஊருக்கு அவர் தேவாரம் பாடினவராகவே இருக்கட்டும். எனக்கு இனி அதுக்கெல்லாம் மறுமொழி சொல்லிக்கொண்டு நிக்க ஏலாது.”

“அப்ப படம்?”

“போடும். ஆனால் போட முந்தி என்ரை பேரை ஒருக்கால் சொல்லும். அந்தப் பொம்பிளை ஆரெண்டு சனத்துக்குச் சொல்லும். மற்றது, இனிமேல் ஆரையும் நித்திரையிலை எடுக்கிறதெண்டால் எழும்பினாப் பிறகெண்டாலும் கேளும்.”

வதனி தலையாட்டினாள். அழப்போகிறவள் மாதிரி இருந்தாள். நாகபூசணிக்கு அதைத் தாங்கிப் பிடிக்கவும் பெலன் இல்லை. “போட் போயிடும், வெளிக்கிடும்,” என்றாள்.

திரும்பி வந்தபோது நிசாந்தன் குசினி வாசலில் நின்றான். முகம் கழுவியிருந்தான், துடைக்கவில்லை. தண்ணீர் நாடியால் சொட்டிக்கொண்டிருந்தது.

“எனக்குத் தெரியாமல் போச்சு,” என்றான்.

“சொன்னனான்தானே.”

அவன் வாயைத் திறந்தான். ஐயா நோயாளி, அது அவராய்ச் சொன்னதில்லை, என்று ஏதோ வருமென்று அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். வந்திருந்தால் அவள் அதையும் கேட்டிருப்பாள்.

“ஓம்,” என்றான் அவன். “சொன்னனீர்.”

அவ்வளவுதான். அவள் நினைத்திருந்த அளவுக்குப் பெரிதாய் ஒன்றும் உள்ளே நடக்கவில்லை. சந்தோசமும் இல்லை. பாரம் இறங்கினதாகவும் தெரியவில்லை. தன் காதில் பிழையில்லை என்பது மட்டும் உறுதியாகிவிட்டது. அதைக் கொண்டுபோய் எங்கே வைப்பதென்றுதான் தெரியவில்லை. அடுப்படியில் நேற்றைய விருந்தில் மிஞ்சிய மீன் துண்டுகள் இருந்தன. தேங்காய் எல்லாம் முடிந்திருந்தது.

“தேங்காய் இல்லை,” என்றாள். “கடையிலை ரெண்டு வாங்கிக்கொண்டு வாங்கோ. வந்து நீங்களே துருவுங்கோ. எனக்குக் கை ஏலாது.”

நிசாந்தன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். நாகபூசணி உள்ளே போய், மேசையடியில் அவன் விட்டுப்போன கதிரையில் இருந்து, ஆறிப்போயிருந்த அவனுடைய தேத்தண்ணியை எடுத்துக் குடித்தாள்.